எலும்பில் புதிதாக ஒரு இடம் தெரிந்தால் பழைய புற்றுநோய்தானா?

வெள்ளவத்தையிலிருந்து:

அம்மாவுக்கு 2013இல் மார்பகப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நன்றாகத் தேறியிருந்தார். போன வருடம் நாரி நோவு தொடங்கியது. எலும்பு ஸ்கானில் முதுகெலும்பில் ஒரு இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தது. "திரும்ப வந்திட்டுது" என்று சொந்தக்காரர் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். இந்தியாவுக்குக் கொண்டுபோவோமா என்றுகூடக் கதை வந்தது.

புற்றுநோய் டொக்டர் மட்டும் அசையவில்லை. அந்த இடத்தில் எலும்பு வழமையைவிட மும்முரமாக வேலை செய்கிறது என்பதைத்தான் ஸ்கான் காட்டும். முறிவு, தேய்வு, கிருமித்தொற்று எதுவானாலும் அப்படித் தெரியலாம், எலும்பில் சிறு துண்டு எடுத்துப் (பயொப்சி) பார்க்காமல் மருந்து தொடங்கமாட்டேன் என்றார். அந்த மனிதரை எங்கள் வீட்டில் தினமும் நினைக்கிறோம்.

குப்புறப் படுக்கவைத்து, சிடி ஸ்கானில் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கினார்கள். விறைப்பு ஊசி போட்டாலும் எலும்புக்குள் போகும்போது அழுத்தமும் கொஞ்சம் நோவும் இருந்ததாக அம்மா சொன்னார். (இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை குடிப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.) எடுத்ததில் ஒரு பகுதியை ஃபோமலினில் (துண்டு கெடாமல் வைக்கும் திரவம்) போடாமல், கிருமி வளர்த்துப் பார்க்கவென்று தனியாக அனுப்பினார்கள். ஃபோமலினில் போட்டால் கிருமி செத்துவிடும்.

வந்த விடை காசநோய். அது தெரியாமல் கீமோ கொடுத்திருந்தால் எதிர்ப்புச் சக்தி விழுந்து என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. இப்போது காசநோய் மாத்திரையோடு அம்மா கடைக்கு நடந்து போய் வருகிறார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

என் அக்காவுக்குப் பயொப்சியில் பழைய மார்பக நோய்தான் என்று வந்தது. எல்லோரும் அழுதோம். ஆனால் அந்தச் சோதனை வீண்போகவில்லை. முதல் கட்டி ஹெர்2 (புற்றுநோய்க் கலத்தின் மேலுள்ள ஒரு ஏற்பி, அதற்கென்றே மருந்து உண்டு) நெகட்டிவ். எலும்பில் எடுத்தது பொசிட்டிவ். மருந்தே மாறிவிட்டது.

ரிப்போட் சுணங்கினால் பதறாதீர்கள். எலும்பில் உள்ள கல்சியத்தைக் கரைத்த பிறகுதான் மெல்லியதாகச் சீவ முடியும், அதற்கு நாள் எடுக்கும். கடும் அமிலத்தில் கரைத்தால் ஹெர்2 போன்ற இந்த ஏற்பிச் சோதனைகள் பிழைக்கக்கூடும். அதனால் ஏற்பியும் பார்க்க வேண்டும் என்பதை ஆய்வுகூடத்துக்கு முதலே எழுதி அனுப்பச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள்.

தெஹிவளையிலிருந்து:

அப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய். அதற்குப் பார்க்கும் பிஎஸ்ஏ இரத்தச் சோதனையில் அளவு எக்கச்சக்கம், ஸ்கானில் இடுப்பு, விலா எங்கும் தெரிந்தது. எலும்புப் பயொப்சி தேவையில்லை என்றார் டொக்டர். சரி, விட்டுவிட்டோம். இப்போது மாமிக்கு, முன்பு தைரொயிட் புற்றுநோய் வந்தவர், தொடை எலும்பில் ஒற்றைக் கட்டி. உடனே குத்தி எடுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து:

எடுக்கத்தான் வேண்டும் அண்ணா. ஆனால் அதற்கு முதல் எலும்புக் கட்டி பார்க்கும் சர்ஜனிடம் காட்டுங்கள். அது எலும்பிலேயே தொடங்கிய புற்றுநோய் என்றால், பிறகு சத்திரசிகிச்சையில் ஊசி போன வழியையும் சேர்த்து வெட்டவேண்டி வரலாம். அதனால் எந்தப் பக்கத்தால் குத்துவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். மாமியின் பழைய ரிப்போட்டோடு, கிடைத்தால் பழைய கட்டியின் ஸ்லைட்டையும் (சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு) கொண்டுபோங்கள். துண்டைச் சோதிக்கும் பதொலொஜிஸ்ட் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்.