பேட்டரி நிறைந்திருக்கிறது, பில் மட்டும் ஏன் குறையவில்லை? வெளிநாடு போன நம்ம பக்கத்து ஆட்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய் வீடு பிடித்திருக்கிற நம் பிள்ளைகள் இப்போது அடிக்கடி அனுப்புவது ஒரே மாதிரி ஸ்கிரீன்ஷாட்தான். கூரையில் சோலார் இருக்கிறது, கார் ஷெட் சுவரில் பேட்டரி இருக்கிறது, ஆப்பைத் திறந்தால் 90 சதவீதம் சார்ஜ் என்று காட்டுகிறது, ஆனால் பில் மட்டும் சோலாரே இல்லாத வீட்டுக்கு வருகிற மாதிரி வருகிறது. "மாமா, பேட்டரி கெட்டுப்போச்சா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, செட்டிங்தான் சரியில்லை. நான் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் சோலார் மாட்டுகிற வேலையில் இருப்பவன். அங்கே வருகிற இன்வெர்ட்டர்களில் பல இங்கே நாங்கள் மாட்டுகிற அதே சைனா கம்பெனிகளுடையவை என்பதால் ஆப்பைப் பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போடுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் பேக்கப் ரிசர்வ். நம் ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் கரண்ட் போனால் ஃபேன் ஓடுவதற்கு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கத் தொடங்கினால் தென்னை மட்டை விழுந்தே லைன் போய்விடும், அதனால் பேட்டரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். அதே பழக்கத்தில் அங்கே போய் ரிசர்வை 80, 100 என்று வைத்துவிடுகிறார்கள். ரிசர்வ் 80 என்றால் லைனில் கரண்ட் இருக்கும்வரை அந்த 80 சதவீதத்தை பேட்டரி தொடவே தொடாது. 13.5 யூனிட் பேட்டரி வாங்கி அதில் 2.7 யூனிட்டை மட்டும் புழங்குகிறீர்கள் என்று பொருள். அங்கே கட் அபூர்வம். பேட்டரி வாங்குவதே விலை கூடிய நேரத்தில் மின்சாரக் கம்பெனியிடமிருந்து வாங்காமல் இருப்பதற்காக. ஆகவே ராத்திரி லைனிலிருந்து சார்ஜ் செய்யாத வீட்டில் விடியும்போது அது காலியாகக் கிடந்தால் அதுதான் சரியான நிலை. ரிசர்வை 10 முதல் 20க்குள் வையுங்கள். காட்டுத்தீ, புயல் பயம் உள்ள இடமாக இருந்தால் 30 வரை வைக்கலாம், அதில் தவறில்லை.

இதில் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் வீட்டில் பேக்கப் வயரிங், அதாவது கட் ஆனாலும் பேட்டரி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற இணைப்பு, இருக்கிறதா? ஆஸ்திரேலியாவில் செலவைக் குறைக்க அது இல்லாமலேயே மாட்டிக்கொடுப்பது உண்டு. அப்படியானால் கட் ஆகும்போது பேட்டரியும் சேர்ந்து நின்றுவிடும். அந்த வீட்டில் 50 சதவீதம் ரிசர்வ் வைத்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

அடுத்து ரேட். எல்லையில் இருக்கிற நமக்கு இது சீக்கிரம் புரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வீட்டில் எத்தனை யூனிட் ஓடியது என்பதுதான் கணக்கு, எந்த நேரத்தில் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பக்கம் கேரள மின்வாரியமான கேஎஸ்இபியில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு மணிக்கணக்கும் சேர்ந்துவிட்டது: மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல், காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு. வெளிநாட்டில் இதே விஷயம்தான், இடைவெளி மட்டும் ரொம்பப் பெரியது. பெர்த்தில் சினர்ஜி என்ற மின்சாரக் கம்பெனியின் மிட்டே சேவர் என்ற திட்டத்தில் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை மிகக் குறைவு, 3 முதல் இரவு 9 வரை மிக அதிகம். கலிஃபோர்னியாவில் பல திட்டங்களில் மாலை 4 முதல் 9 வரை பீக், அதாவது விலை கூடிய நேரம். இங்கிலாந்தில் ஆக்டோபஸ் கோ போன்ற திட்டத்தில் நள்ளிரவு 12.30 முதல் 5.30 வரை மலிவு. மூன்று ஊருக்கும் மூன்று மாதிரி செட்டிங் வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது, அதனால் பக்கத்து ஊர் நண்பன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து அப்படியே போட்டுவிடாதீர்கள்.

ஆப்புக்கு உங்கள் ரேட் தானாகத் தெரியும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நாம் கையால் போட்டதுதான் அதற்குத் தெரியும். பில்லை எடுத்து ரேட் இருக்கிற பக்கத்தைப் பாருங்கள். சிலர் ஆப்பில் பீக், ஆஃப் பீக் எல்லாம் அழகாகப் போட்டிருப்பார்கள், பில்லைப் பார்த்தால் நாள் முழுக்க ஒரே ரேட் என்று இருக்கும். அந்த வீட்டில் ராத்திரி லைனிலிருந்து சார்ஜ் செய்வது சுத்த நஷ்டம். வார நாளில் மட்டும் பீக் உள்ள திட்டங்களும் உண்டு, சனி ஞாயிறுக்கு ஆப்பில் தனியாகப் போட வேண்டியிருக்கும்.

ராத்திரி மலிவாக வாங்கி பேட்டரியில் வைப்பது எப்போது லாபம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பேட்டரிக்குள் போய் வெளியே வருவதற்குள் சுமார் 10 சதவீதம் வீணாகும். இங்கிலாந்தில் 10 பென்ஸுக்கு வாங்கிய யூனிட் திரும்ப வரும்போது ஏறக்குறைய 11 பென்ஸ். மாலை ரேட் 28 என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். 20க்கு வாங்கி வைத்து 23 ரேட்டைத் தவிர்ப்பதென்றால் மிச்சம் ஒன்றும் நிற்காது, பேட்டரிதான் தேயும்.

இதில் பலர் மாட்டிக்கொள்வது ஒரு இடத்தில். ராத்திரியே 100 சதவீதம் ஏற்றிவிடுகிறார்கள். காலையில் வெயில் வரும்போது சோலாருக்குப் போக இடமில்லை, எல்லாம் வெளியே லைனுக்குப் போகிறது. பெர்த்தில் பிற்பகல் 3 முதல் இரவு 9 வரை வெளியே விட்டால் யூனிட்டுக்கு 10 சென்ட் கிடைக்கும், மற்ற நேரம் 2 சென்ட்தான். காசு கொடுத்து வாங்கிய கரண்டை உள்ளே வைத்துவிட்டு, கூரையில் சும்மா கிடைத்ததை 2 சென்டுக்கு விற்கிறீர்கள். வெயில் நன்றாக அடிக்கிற மாதங்களில் ராத்திரி சார்ஜே வேண்டாம், செல்ஃப் கன்சம்ப்ஷன் மோடில் (சோலார் மிச்சத்தை பேட்டரியில் ஏற்றி வீட்டுக்கே செலவிடுகிற செட்டிங்) போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். குளிர் மாதங்களில் மட்டும், காலைச் சமையலுக்கும் ஹீட்டருக்கும் தேவையான அளவுக்கு ஏற்றினால் போதும். ஆஸ்திரேலியாவில் குளிர் என்பது ஜூன், ஜூலை. நாம் பழகிய மாதக்கணக்கு அங்கே தலைகீழ் என்பதைப் புதிதாகப் போனவர்கள் மறந்துவிடுகிறார்கள், ஜனவரியில் போட்ட செட்டிங் ஜூலையிலும் அப்படியே கிடக்கிறது.

ஆஸ்திரேலியாவில் சில கம்பெனிகள் பகல் 11 முதல் 2 வரை இலவசம் என்று திட்டம் வைத்திருக்கின்றன. அது கிடைத்தால் அந்த மூன்று மணி நேரத்துக்கு கிரிட் சார்ஜை, அதாவது லைன் கரண்டில் பேட்டரி ஏறுவதை, ஆன் செய்து வையுங்கள், ஆனால் சார்ஜ் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 2 கிலோவாட் என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரத்தில் 6 யூனிட்தான் ஏறும். 5 கிலோவாட் என்று மாற்றினால் 15 யூனிட், பேட்டரியே நிறைந்துவிடும்.

கடிகாரம் சின்ன விஷயமாகத் தெரியும், அதுதான் பாடாய்ப் படுத்தும். மாட்டியவர் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டால் இன்வெர்ட்டர் சைனா நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பெர்த்துக்கும் சைனாவுக்கும் ஒரே நேரம், அதனால் அங்கே இது வெளியே தெரியவே தெரியாது. சிட்னியில் அதே மாதிரி விட்டால் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், கோடையில் மூன்று. மாலை 4 மணிக்கு இறங்க வேண்டிய பேட்டரி 7 மணிக்கு இறங்கும். கோடை நேரம் என்று ஒரு மணி நேரத்தை முன்னே தள்ளும் வழக்கம் நமக்கு இல்லாதது, ஆகவே தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டில் அக்டோபரின் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரலின் முதல் ஞாயிறு வரை, இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை, அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பரின் முதல் ஞாயிறு வரை. குயின்ஸ்லாந்திலும் பெர்த்திலும் கிடையாது. அந்த ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை ஆப்பில் நேரம் மாறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில இடங்களில் மீட்டர் கணக்கு கோடை நேரத்துக்கு மாறாமல் பழைய நேரத்திலேயே போகும், பில்லில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

"பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, ஆனாலும் பீக் நேரத்தில் லைனிலிருந்து இழுக்கிறது" என்பது இன்னொரு புகார். அக்கா மகள் பெர்த்திலிருந்து அனுப்பிய படத்தில் மாலை 6.40 மணிக்கு வீட்டுச் செலவு 7.2 கிலோவாட், பேட்டரி கொடுப்பது 5, லைனிலிருந்து 2.2. ஓவன், ஏசி, துணி உலர்த்தும் மெஷின் மூன்றும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரியின் கொள்ளளவு வேறு, அது ஒரு நேரத்தில் கொடுக்கக்கூடிய வேகம் வேறு. 5 கிலோவாட்டுக்கு மேல் அந்த பேட்டரியால் தர முடியாது, எத்தனை யூனிட் மிச்சம் இருந்தாலும் சரி. இதற்கு செட்டிங் கிடையாது, துணி உலர்த்துவதை மதியத்துக்கு மாற்றினார்கள், முடிந்தது. எப்போதும் லைனிலிருந்து 30, 50 வாட் வருகிற மாதிரி காட்டினால் அதை விட்டுவிடுங்கள், இன்வெர்ட்டர் வீட்டுச் செலவைத் துரத்திப் பிடிக்கிற இடைவெளி அது.

கார் சார்ஜர் உள்ளவர்கள் கவனியுங்கள். நள்ளிரவில் மலிவு நேரம் தொடங்கியதும் கார் இழுக்க ஆரம்பிக்கும், வீட்டு பேட்டரி அதையும் வீட்டுச் செலவு என்று எண்ணி மொத்தத்தையும் காருக்குள் கொட்டிவிடும். காலையில் பேட்டரி காலி, காபி போடுவதற்கு லைன் கரண்ட். பர்மிங்ஹாமில் இருக்கிற வேலந்தாவளத்துத் தம்பி வீட்டில் இதுதான் நடந்தது. மலிவு நேரத்தில் பேட்டரி இறங்காதபடி நிறுத்தி வைக்கவோ, அதே நேரத்தில் அதுவும் சார்ஜ் ஆகவோ செட்டிங் போட்டால் சரியாகிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கணக்கு உதைத்தால் சிடி கிளாம்ப்பைச் சந்தேகப்படுங்கள். மீட்டர் பெட்டிக்குள் மெயின் வயரைச் சுற்றி கரண்டை அளக்கிற ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள், அதன் மேல் சின்ன அம்புக்குறி இருக்கும். அம்பு திரும்பியிருந்தால் உள்ளே வருகிற கரண்டை வெளியே போவதாக இன்வெர்ட்டர் நினைத்துக்கொள்ளும். "மிச்சம் இருக்கிறதே" என்று பேட்டரியை இன்னும் சார்ஜ் செய்யும், பீக் நேரத்திலேயே. சோதிப்பது சுலபம். இருட்டிய பிறகு கிரிட் சார்ஜை அணைத்துவிட்டு, ரிசர்வை 100க்கு ஏற்றுங்கள், பேட்டரி சும்மா நிற்கும். இப்போது தண்ணீர் கெட்டிலைப் போடுங்கள், சுமார் 2 கிலோவாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பில் லைனிலிருந்து வருவது 2 அதிகமாக வேண்டும். வெளியே 2 போகிறது என்று காட்டினால் அம்பு திரும்பியிருக்கிறது, ராத்திரியில் சோலார் எங்கிருந்து வரும்? பார்த்து முடித்ததும் ரிசர்வைப் பழையபடி இறக்க மறக்க வேண்டாம். மூன்று ஃபேஸ் வீட்டில் வளையம் ஒரு ஃபேஸில் மட்டும் இருந்தால் மற்ற இரண்டில் என்ன ஓடுகிறது என்றே அதற்குத் தெரியாது.

தயவுசெய்து அந்தப் பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். நம் ஊரில் கட்டையில் ஏறி ஃப்யூஸ் போட்டு வளர்ந்தவர்கள்தான் எல்லோரும், கை பரபரக்கும். ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் இல்லாமல் வயரிங்கில் கை வைப்பது சட்டப்படி குற்றம். வீட்டு இன்ஷூரன்ஸுக்கும் வாரண்டிக்கும் வம்பு வரும், உயிருக்கு ஆபத்து என்பது தனி. மாட்டிக்கொடுத்தவரையே கூப்பிடுங்கள், சோதித்த படங்களையும் சேர்த்து அனுப்பினால் "அதெல்லாம் நார்மல்தான்" என்று தட்டிக்கழிக்க முடியாது.

வாடகைக்குப் போனவர்களுக்கும், பழைய வீடு வாங்கியவர்களுக்கும் இது முக்கியம்: ஆப் இன்னும் முன்னால் இருந்தவர் பெயரிலேயே இருக்கலாம். அவர் போட்ட ரேட், அவர் போட்ட ரிசர்வ், அவர் சேர்ந்த கூட்டு பேட்டரித் திட்டம் எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் திட்டத்தில் இருந்தால் கம்பெனி வெளியிலிருந்தே பேட்டரியை இறக்கும், ஏற்றும், நீங்கள் என்ன மாற்றினாலும் மறுநாள் திரும்பிவிடும். சாவி வாங்கும்போதே ஏஜென்டிடம் ஆப்பின் உரிமையை மாற்றித் தரச் சொல்லுங்கள், ஈமெயிலில் கேளுங்கள்.

அமெரிக்காவில் கிரிட் சார்ஜ் பட்டனே காணவில்லை என்றால் பதற வேண்டாம், சில நெட் மீட்டரிங் (சோலார் மிச்சத்தை லைனுக்கு விட்டு பில்லில் கழித்துக்கொள்வது) விதிகளின்படி அதை வேண்டுமென்றே பூட்டி வைத்திருப்பார்கள். கடுங்குளிர் ஊர்களில் வெளிச்சுவரில் மாட்டிய லித்தியம் பேட்டரி பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற மறுப்பதும் இயல்பு. சார்ஜ் 25லிருந்து திடீரென்று 8க்கு விழுந்தால், ரொம்ப நாளாக அது முழுதாக நிறையாததுதான் பெரும்பாலும் காரணம், ஒரு தடவை 100 வரை ஏற்றிவிட்டால் கணக்கு நேராகும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று நான்கு நாள் விட்டு, மின்சாரக் கம்பெனியின் தளத்தில் இருக்கிற அரைமணி நேரக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஆப் என்ன சொன்னாலும் பில் போடுவது மீட்டர்தான். என்னிடம் கேட்பதானால் பில்லின் ரேட் பக்கம், இன்வெர்ட்டர், பேட்டரி இரண்டின் மாடல் எழுதிய ஸ்டிக்கர், ஒரு நாள் முழுக்க உள்ள கிராஃப், இந்த மூன்றையும் அனுப்புங்கள். சதவீதம் மட்டும் தெரிகிற படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.