பழைய பிராசசர் வசதிகளுக்கான நிரலை நீக்கியதும் கோர் கோப்பு தவறாகத் தெரிகிறது

நிரல்தச்சன்:
எங்கள் அணியே எழுதிப் பராமரிக்கும் டீபக்கரிலிருந்து (நிரல்களில் பிழை தேடும் கருவி) இன்டெல் எம்பிஎக்ஸ் (நினைவக எல்லை மீறலைச் சோதிக்கும் பழைய பிராசசர் வசதி) தொடர்பான நிரலை நீக்கிக்கொண்டிருக்கிறேன். ஜிசிசி 9 கம்பைலர் அதைக் கைவிட்டது. லினக்ஸ் கெர்னல் 5.6-இலும் அது இல்லை. பிஎன்டி0 முதல் பிஎன்டி3 வரையிலான ரெஜிஸ்டர்கள் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்), அவற்றுக்கான கட்டளைகள், அளவு அட்டவணையில் அவற்றின் வரிகள் எல்லாம் போயின. கம்பைல் ஆகிறது, சோதனைகளும் தேறுகின்றன. ஆனால் பழைய சர்வரின் கோர் கோப்பைத் (நிரல் விழும்போது அதன் நினைவகத்தைப் பதிந்துவைக்கும் கோப்பு) திறந்தால் ஏவிஎக்ஸ்-512 வசதியின் ரெஜிஸ்டர்களில் அர்த்தமற்ற எண்கள். ஏன்?

அடுக்குத்தடம்:
அளவு அட்டவணையில்தான் சிக்கல். ரெஜிஸ்டர் மதிப்புகள் சேமிக்கப்படும் எக்ஸ்சேவ் பகுதியில் எம்பிஎக்ஸுக்கு 960-ஆம் பைட்டிலிருந்து 128 பைட்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதனால் அந்த இன்டெல் பிராசசர்களில் ஏவிஎக்ஸ்-512 மாஸ்க் ரெஜிஸ்டர்கள் 1088-இல் தொடங்கும். அளவுகளைக் கூட்டிக்கொண்டே போகும் அட்டவணையில் அந்த வரிகளை எடுத்தால், பின்னால் வருபவை எல்லாம் 128 பைட் முன்னால் நகர்ந்துவிடும்.

ரெஜிஸ்டரைப் பயனருக்குக் காட்டும் நிரலைத் தயங்காமல் அழியுங்கள். அது இருந்த இடத்தை அறிந்த நிரலைத் தொடாதீர்கள். பிராசசர் ஓய்வுபெற்றாலும் அது எழுதிவைத்த கோப்புகள் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைத் திறப்பவர் பெரும்பாலும் உற்பத்திச் சூழலில் விழுந்துபோன ஒரு நிரலின் காரணத்தைத் தேடுபவர். அவருக்குத் தவறான எண்ணைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பதே மேல்.

இன்னொன்று: கூட்டிக் கணக்கிடும் முறையையே விட்டுவிடுங்கள். ஏஎம்டி ஜென் 4-இல் அதே மாஸ்க் ரெஜிஸ்டர்கள் 832-இல் தொடங்குகின்றன. ஓடும் நிரலாக இருந்தால், பிராசசர் தன் அமைப்பைத் தானே சொல்லும் கட்டளையான சிபியுஐடியிடம் கேளுங்கள். கோர் கோப்பாக இருந்தால், எந்த வசதிகள் இயக்கப்பட்டிருந்தன என்று காட்டும் எக்ஸ்சிஆர்0 பிட்டுகளையும் பகுதியின் மொத்த அளவையும் வைத்து அமைப்பை முடிவு செய்யுங்கள்.

நிரல்தச்சன்:
இடநிலைகளை நேரடியாக எழுதியதும் மதிப்புகள் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. அடுத்து இட்டானியம் என்ற பழைய இன்டெல் பிராசசர் கட்டமைப்பு. கெர்னல் 6.7-இலேயே அது நீங்கிவிட்டதால் முழுவதையும் ஒரே பேட்சில் (நிரல் மாற்றத் தொகுப்பு) எடுத்துவிடலாமா?

கல்வெட்டு:
இரண்டாகப் பிரியுங்கள். ஜிடிபி என்ற டீபக்கரில் 'நாட்' கோப்புகள் அந்த இயந்திரத்தின் மேலேயே டீபக்கர் ஓடுவதற்கு, 'டிடெப்' கோப்புகள் அந்தக் கட்டமைப்பைப் புரிந்துகொள்வதற்கு. இதே எல்லையைப் பின்பற்றுங்கள். முதல் வகையைக் கம்பைல் செய்து பார்க்கவே உங்களிடம் இயந்திரம் இருக்காது, உடனே எடுத்துவிடலாம். இரண்டாவதை ஒரு வெளியீட்டில் கைவிடப்படுவதாக அறிவித்து, அடுத்ததில் எடுங்கள்.

அடுக்குத்தடம்:
உடன்படுகிறேன். அதன்பிறகு பொதுநிரலையும் பாருங்கள், உண்மையான பயன் அங்கேதான். இட்டானியத்துக்காக மட்டுமே நுழைந்த ஹூக்குகள் (ஒவ்வொரு கட்டமைப்பும் தன் செயல்பாட்டை நிரப்பும் இடங்கள்) எல்லாக் கட்டமைப்புகளின் பாதையிலும் நிற்கும். ஒவ்வொரு ஹூக்கையும் யார் நிரப்புகிறார்கள் என்று தேடுங்கள். ஒருவரும் இல்லையென்றால் தனி பேட்சில் நீக்குங்கள். பின்னால் ஏதாவது உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டால் போதும்.