சரளி வரிசையில் கிளாரினெட்டும் சாக்ஸபோனும்

கிளாரினெட் பழகிவிட்டு ஆல்டோ சாக்ஸபோனுக்கு வந்தவன் நான். இரண்டையும் கர்நாடக இசைக்காகவே எடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எது சுலபம் என்று கேட்கிறார்கள். முதல் சில மாதங்களுக்குச் சாக்ஸபோன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கிளாரினெட் ஏன் அப்படிப் படுத்துகிறது என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. காரணம் தெரியாமல், நமக்கு இது வராது என்று கருவியைப் பெட்டியில் வைத்து மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் குழாயின் வடிவத்தால் வருவது. கிளாரினெட்டின் உட்குழாய் பெரும்பகுதி ஒரே அகலம். சாக்ஸபோன் வாயருகே குறுகலாகத் தொடங்கி விரிந்துகொண்டே போகும். அதனால் சாக்ஸில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடி இடது கட்டைவிரலால் ஆக்டேவ் சாவியை அழுத்தினால், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். கிளாரினெட்டில் ஸி (C) என்ற மேற்கத்திய ஸ்வரத்தைச் சட்ஜமமாக வைத்துப் பிடித்து, மேலே தாண்டுவதற்கான ரெஜிஸ்டர் சாவியை அழுத்திப் பாருங்கள். மேல் சட்ஜமம் வராது, அதையும் தாண்டி மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரும்! கீழே ஒரு விரலடைவு, மேலே வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகப் படித்தாக வேண்டும்.

இந்தச் சிக்கல் கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையின் முதல் வரியிலேயே வந்து நிற்கும். மாயாமாளவகௌளை ராகத்தில் ஏறிக்கொண்டே வருகிறீர்கள். தைவதத்தில் இடது ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு சாவியை அழுத்தியிருக்கும், மற்ற விரல்களுக்கு வேலை இல்லை. அடுத்த நிஷாதத்துக்கு அத்தனை துளைகளும் ஒரே சமயத்தில் மூடவேண்டும். ஒரு துளையில் மயிரிழை இடைவெளி விட்டாலும் கீச்சென்று கத்தும். இது திறமைக் குறைவே அல்ல. கருவியின் மிகக் கடினமான தாண்டலை நம் பாடத்திட்டம் முதல் நாளே கேட்கிறது, அவ்வளவுதான். தைவதம், நிஷாதம் இரண்டை மட்டும் மெதுவாக மாற்றி மாற்றி வாசியுங்கள். விரல்களைத் துளைக்கு மிக அருகிலேயே வைத்திருங்கள்.

சாக்ஸில் துளையை விரல் மூடுவதில்லை, சாவியோடு சேர்ந்த மெத்தை போன்ற பேட் மூடுகிறது. கீழ் ஸியிலிருந்து அடுத்த ஸி வரை ஆக்டேவ் சாவியைத் தொடவே வேண்டாம். அதற்காக எல்லாமே சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கீழ்ப் பகுதியில் சுத்த ரிஷபத்துக்கு இடது சுண்டுவிரல் ஒரு விறைப்பான சாவியை அழுத்தணும். காற்று போதாவிட்டால் ஸ்வரம் குழறும். அப்புறம் சுருதி. சாக்ஸில் உதடு கொஞ்சம் தளர்ந்தாலும் இறுகினாலும் ஸ்வரம் நகர்ந்துவிடும். தம்புரா இல்லாமல் பழகினால் காது அதைக் கவனிக்காமலே பழகிப்போகும்.

சுருதி பற்றி இன்னொன்று. ஒரே ஸியைச் சட்ஜமமாக வைத்தாலும் கட்டைக் கணக்கில் (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) சாதாரண பி ஃபிளாட் கிளாரினெட் ஆறரைக் கட்டை, ஆல்டோ சாக்ஸ் இரண்டரைக் கட்டை. கருவி மாறும்போது சுருதிப்பெட்டியையும் மாற்றுங்கள்.

ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் கமகத்தில் கிளாரினெட்டின் திறந்த துளைகள் பெரிய வரம். விரலை மெல்ல உருட்டி எடுத்தால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு ஏறும். கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பைக் கேட்டால் புரியும். சாக்ஸில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் சாவி நிற்பதால் உதடும் காற்றும் கூடுதலாக உழைக்கவேண்டும். சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் அதில் ராக ஆலாபனை செய்ததன் அருமை, சாக்ஸைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

மறுமொழி:

அண்ணா, நான் உங்களுக்கு நேர் எதிர்த் திசை. சர்ச் பேண்டில் சாக்ஸ் வாசித்துவிட்டுக் கிளாரினெட்டுக்குப் போனேன். விரலைவிட வாய்தான் சிரமம். சாக்ஸுக்கு உதட்டை வட்டமாக, கொஞ்சம் தளர்வாக வைத்துப் பழகியிருப்போம். கிளாரினெட்டில் அப்படி ஊதினால் சத்தம் தொய்ந்து, சுருதி இறங்கிவிடும். தாடையைத் தட்டையாக இழுத்து, உதட்டோரங்களை இறுக்கவேண்டும். கருவியையும் உடம்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கணும். ஆரம்பத்தில் கன்னம் வலிக்கும், அப்போது நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள். ரீட் (ஊதும் இடத்தில் அதிரும் மெல்லிய தகடு) இரண்டு அல்லது இரண்டரை எண்ணே போதும், கனமான ரீட் வாங்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள்.

மறுமொழி:

பிள்ளைகளுக்காகக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மகளின் விரல்நுனி கிளாரினெட் துளைகளை முழுதாக மூடவில்லை. சாக்ஸ் என்றால் ஆல்டோவே இரண்டு கிலோவுக்கு மேல், கழுத்தில் தொங்கும். ஆசிரியர் சொன்னபடி ரெக்கார்டர் என்னும் சிறு குழலில் தொடங்கினோம், விரல் வளர்ந்ததும் கிளாரினெட் வாங்கினோம். கடையில் குழந்தையை உட்காரவைத்து, துளைகள் மூடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். முதல் கருவி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். மரத்தில் செய்தது வறண்ட ஏசி அறையில் வெடித்துவிடக்கூடும்.