பழைய பொம்பா கட்டடம்: எந்தக் காலத்தது?

ரப்பர்க்கொட்டை: மலேசியாவில் பேராக் பக்கம் எஸ்டேட் டவுன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் கட்டடம் பழைய பொம்பா (தீயணைப்பு) ஸ்டேஷன் என்கிறார்கள். பக்கத்தில் ஒல்லியான கோபுரம், சன்னல் கிடையாது, காற்றுத் துளைகள் மட்டும். தண்ணீர்த் தொட்டியா? வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ஓடு: தொட்டியில்லை, ஹோஸ் காயவைக்கும் கோபுரம். அந்நாளைய கேன்வாஸ் ஹோஸ் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். அடுத்த தீயில் அழுத்தம் ஏறியதும் கிழியும். 50 அடி ஹோஸை நடுவில் மடித்துத் தொங்கவிட 25 அடிக்கு மேல் உயரம் வேண்டும். உள்ளே டார்ச் அடித்து உச்சி உத்தரத்தைப் பாருங்கள். கப்பி, அல்லது கயிறு அறுத்த தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வாசல் வளைவை வெட்டி கான்கிரீட் உத்தரம் போட்டிருக்கிறதா? பெரிய லாரி நுழையப் பிறகு அகலப்படுத்தியிருக்கலாம். கூரை ஓட்டின் அடியில் கம்பெனி முத்திரை இருக்கலாம். அதை மட்டும் நம்பாதீர்கள், ஓடு மாற்றியிருப்பார்கள்.

கோப்புக்காரன்: தீயணைப்பு 1976 ஜனவரி 1-இல்தான் மத்திய அரசின் கீழ் வந்தது. அதனால் பொம்பா இலாகாவில் தேடி அலையாதீர்கள். கோலாலம்பூர் அர்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) உங்கள் ஊர் சானிட்டரி போர்டு, டவுன் போர்டு (அந்நாளைய ஊர் நிர்வாக அமைப்புகள்) கோப்புகளைக் கேளுங்கள். ஊர்ப் பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் தேடவும்; அப்படித் தேடாவிட்டால் கோப்பு கிடைக்காமல் போகலாம்.

பழைய ஓடு: ஒன்று விட்டுப்போச்சு. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் சிமெண்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்தான் பொடியும்.