சல்கேட்டா ஆமைப் பெட்டி: விடியற்காலையில் சூடு நிற்கவில்லை

இடம் அரிசோனா, டூசான். 30 கிலோ சல்கேட்டா ஆமை (ஆப்பிரிக்காவின் பெரிய தரை ஆமை). கொல்லையில் மரப்பெட்டி: 4×4 அடி, உயரம் 2 அடி, சுற்றிலும் 2 அங்குல ஃபோம். கூரையில் 80 வாட் ரேடியன்ட் பேனல் (வெப்பத்தைக் கீழே வீசும் தட்டு), தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து மின்சாரத்தை விடும், வெட்டும் கருவி) 27 டிகிரி செல்சியஸில். டிசம்பர் தொடங்கியதிலிருந்து, வெளியே 2 டிகிரிக்கு இறங்கும் இரவுகளில் விடியும்போது தரை 14தான். பேனல் அணைவதே இல்லை. வாட் போதவில்லை என்பது தெளிவு.

வாசலில் இரட்டை பிளாஸ்டிக் பட்டைத் திரை போட்டேன். ஆமை நுழையும்போது வைக்கோல் சிக்கி இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. வைக்கோலை எடுத்துவிட்டு மண் பரப்பினேன், கொஞ்சம்தான் ஏறியது. வெப்ப பல்பு வேண்டாம்: ஓட்டின் உச்சி கருகும், உடம்பு குளிர்ந்தே கிடக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

கைத்திருகு வைத்த 700 வாட் எண்ணெய் ஹீட்டர் பார்த்திருக்கிறேன் (டிஜிட்டல் ரகங்கள் பல, தெர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டினால் மீண்டும் தானாக ஓடாது). ஆமை மோதாமல் தடுக்கும் மரச்சட்டத்துக்கும் ஹீட்டருக்கும் இடையே எத்தனை அங்குலம் விட வேண்டும்?