செபத்தில் வறட்சி: பின்னடைவா, அழைப்பா?

கேள்வி:
நற்செய்திப் பகுதியொன்றை எடுத்து, அதன் காட்சியை மனத்தில் விரித்துத் தியானிப்பது என் நெடுநாள் வழக்கம். சில மாதங்களாக ஒரு வரியைத் தாண்டி மனம் நகர மறுக்கிறது. ஆனாலும் எழுந்துபோகத் தோன்றவில்லை. இது சோம்பலா, ஆழ்நிலைச் செபத்தின் (சொல்லும் கற்பனையும் அடங்கி, இறைவன்முன் அன்போடு அமைதியாக இருப்பதன்) தொடக்கமா?

பதில் 1:
செபத்தைப் பற்றி எழுதிய ஸ்பானியத் துறவி புனித சிலுவை யோவான், ஆழ்நிலைச் செபம் தொடங்குவதற்கு மூன்று அடையாளங்களைத் தருகிறார்: கற்பனையைக் கொண்டு தியானிக்க இயலாமை, வேறெதிலும் மனத்தைப் பதிக்க விருப்பமின்மை, இறைவன்மீது அன்பு கலந்த கவனத்தோடு தனித்திருப்பதில் நாட்டம். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார். முதலாவது மட்டும் இருந்தால் அது வெறும் கவனச் சிதறலாகவும் இருக்கலாம். எழுந்துபோகத் தோன்றவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பதில் 2:
ஸ்பெயினின் அவிலா நகரத்துத் துறவி புனித தெரேசா செபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். கிணற்றில் இறைப்பது, சக்கரத்தால் இறைப்பது, ஓடையிலிருந்து பாய்ச்சுவது, கடைசியில் மழை. படிப்படியாகத் தோட்டக்காரரின் உழைப்பு குறைகிறது. தெரேசாவே சில ஆண்டுகள், செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாக எழுதியிருக்கிறார் (இதைப் படித்தபோது எனக்குப் பெரும் ஆறுதல்). மழை வரும் என்று எண்ணி வாளியைக் கீழே போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரியோடேயே அமர்ந்திருங்கள்.

பதில் 3:
திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2713ஆம் எண்ணில், ஆழ்நிலைச் செபத்தைக் கொடை என்றே அழைக்கிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று நாமே அளந்துகொண்டிருப்பதைவிட, ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம் பேசுவது நல்லது.