ஏழு மாதம் மெயின்டனன்ஸ் கட்டியும் "உங்கள் வீட்டுப் பணம் வரவில்லை" என்கிறார்கள். என்ன செய்வது? (விராட்டிபத்து, மதுரை)

கமுதிக்காரி:

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கமுதிப் பக்கம். நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து விராட்டிபத்தில், தேனி மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் அபார்ட்மென்ட்டின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொத்தம் பன்னிரண்டு வீடு, அதில் ஏழில் மாணவர்கள்தான். வாடகை 12,000, மெயின்டனன்ஸ் 1,500, அட்வான்ஸ் 60,000. போன ஆடியில் வந்தோம். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால்தான் இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்று அப்போது சந்தோஷப்பட்டோம்.

தண்ணீர்க் கஷ்டம் எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்தைத்தான் தண்ணியில்லாக் காடு என்பார்கள். பள்ளிக்கூடம் போகும் முன் அடிகுழாயில் ஆறு குடம் அடித்து வைத்துவிட்டுப் போனவள் நான். ஆனால் ஊரில் இல்லையென்றால் எல்லோருக்கும் இல்லை. இங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கள் குழாயில் மட்டும் காலை ஏழு மணிக்கு மேல் நூல் மாதிரி வருகிறது. ஒரு வாளி நிறைய இருபது நிமிடம். நாலு பேருக்கும் ஒன்பது மணிக்கு வகுப்பு, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் நாங்கள் வந்த நாளிலிருந்தே ஓடவில்லை. "லிஃப்ட் பழுது, விரைவில் சரிசெய்யப்படும்" என்று ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார்கள். லேமினேட் செய்திருப்பதைப் பார்த்தபோதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். தை மாதம் தண்ணீரில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. முதலில் என் அறைத்தோழியின் மூலிகை ஷாம்புவைத்தான் சந்தேகப்பட்டோம், பாவம். அப்புறம் குழாய் வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டி வைத்தேன். இரண்டாம் நாள் அதில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஓர் இறகு.

மொட்டை மாடிச் சாவி வாட்ச்மேன் தாத்தாவிடம் இல்லை, செயலாளரிடம் இருக்கிறது. அவர் வீட்டில் இல்லை. டிஷ் சரிசெய்ய ஆள் வந்த அன்றுதான் அவர் பின்னாலேயே ஏறிப் போனோம். தொட்டிக்கு மூடி இல்லை. யாருடையதோ கல்யாண பேனரை மடித்துப் போட்டுக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அது ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. உள்ளே புறா. இறகு தனியாக, மற்றதெல்லாம் தனியாக. இதற்குமேல் எழுத மனசு வரவில்லை. பத்து நாளாவது அந்தத் தண்ணீரில் பல் தேய்த்திருக்கிறோம். அன்று நாலு பேரும் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

படம் எடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். செயலாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அடுத்து ஒருவர் தைப்பூச வாழ்த்து போட்டார். அன்றிரவு 9.40க்கு எங்களைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். "வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஓனர் வழியாகப் பேசவும்" என்று தனியாகச் செய்தி வந்தது.

ஓனர் ஷார்ஜாவில். வாடகை வாங்குவது அவருடைய மச்சான். அவரைக் கேட்டால், "தொட்டி அசோசியேஷன் வேலைம்மா, என்னைக் கேட்டா?" என்கிறார். மறுபடி செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர் நோட்டை விரித்துக் காட்டுகிறார். எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே ஆகஸ்ட்டிலிருந்து பிப்ரவரி வரை ஏழு கட்டமும் வெறுமையாக இருக்கிறது. "உங்க ஓனர் கட்டுறதே இல்ல, நீங்க வந்து தொட்டி கழுவலன்னு கேக்குறீங்க."

நாங்கள் மாதாமாதம் ஐந்தாம் தேதி வாடகையோடு சேர்த்து 13,500 மச்சானுக்கு ஜிபேயில் அனுப்புகிறோம். ஏழு மாதத்துக்கு மெயின்டனன்ஸ் மட்டும் 10,500. அது எங்கே போனது?

மே மாதம் காலி செய்கிறோம். இனி மெயின்டனன்ஸை யாரிடம் கொடுப்பது? அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வருமா? கரண்டுக்கும் மச்சான்தான் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்குகிறார். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதியது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காளவாசல் பழைய குடித்தனம்:

தங்கச்சி, படிக்கும் காலத்தில் மூன்று வருடம் நாங்கள் ஆறு பேர் அந்தப் பக்கம்தான் இருந்தோம். உங்களுக்குப் புறா, எங்களுக்கு அணில்.

கரண்டு விஷயம் சுலபம். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கீழே பெட்டியில் பாருங்கள். இருந்தால் மீட்டரிலோ பழைய பில்லிலோ இணைப்பு எண் இருக்கும். அதைப் போட்டு நீங்களே இணையத்தில் கட்டிவிடலாம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீட்டு இணைப்புக்கு இலவசம். மச்சான் அந்த நூறுக்கும் சேர்த்து 9 ரூபாய் வாங்கிக்கொண்டிருப்பார், பந்தயம் கட்டுகிறேன்.

அட்வான்ஸ்தான் கஷ்டம். எங்களிடம் "பெயின்ட் அடிக்கணும்" என்று 18,000 பிடித்தார்கள். அந்த வீட்டில் அடுத்து வந்த பையன்களைப் பார்க்கப் போனேன். நாங்கள் சுவரில் எழுதி வைத்திருந்த பால் கணக்கு அப்படியே இருந்தது.

குடிவந்த அன்று வீட்டைப் படம் எடுத்தீர்களா? அதைத் தேடுங்கள்.

அரசரடி டைப்பிஸ்ட்:

நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவன். வாடகைத் தகராறு நிறைய என் கை வழியாகப் போகிறது.

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. 11 மாதமோ 11 நாளோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாதம் என்று போட்டால் பதிவு தேவையில்லை என்பது பழைய கதை. ஊரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் பத்திரம் வாங்குகிறார்கள், நானே டைப் அடித்துக் கொடுக்கிறேன், வேறென்ன செய்ய. பதிவில்லாத தாளோடு அதிகாரியிடம் போனால் முதல் கேள்வியே அதுதான். அதனால் உங்கள் நிலைமை கொஞ்சம் பலவீனம், மறைக்க விரும்பவில்லை.

வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. உங்களிடம் ஐந்து மாதம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும், நீங்கள் தர வேண்டிய பாக்கி இருந்தால் மட்டும் கழிக்கலாம். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் சட்டத்தின் அட்டவணையில் ஓனர் பக்கம்தான் வருகிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், அடைப்பு எடுப்பது, தாழ்ப்பாள் இவையெல்லாம் உங்கள் பக்கம். ஆகவே பெயின்டுக்குப் பிடிப்பேன் என்று சொன்னால் அந்த அட்டவணையைக் காட்டுங்கள்.

ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரை எழுத்தில் கேட்டும் செய்யவில்லை என்றால், நீங்கள் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. "எழுத்தில்" என்பது முக்கியம். மச்சானிடம் படிக்கட்டில் நின்று சொன்னது கணக்கில் வராது. ஓனருக்கே ஷார்ஜா எண்ணில் வாட்ஸ்அப் போடுங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். அவர் மச்சானைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாம், தேதியும் தொகையும் மட்டும் எழுதுங்கள்.

செயலாளர் பதவியில் மாட்டிக்கொண்டவர்:

நான் வேறொரு அபார்ட்மென்ட்டில் ஆறு வருடமாகச் செயலாளர். ரிட்டயர் ஆனவன் சும்மாதானே இருக்கிறான் என்று தலையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டுமல்லவா, பாப்பா.

எங்களிடம் 16 வீடு. ஒழுங்காகப் பணம் வருவது 10 வீட்டிலிருந்து. அந்தப் பணத்தில்தான் மோட்டார் கரண்டு, வாட்ச்மேன் சம்பளம், செப்டிக் டேங்க் லாரி எல்லாம். லிஃப்ட்காரர் வருடச் சந்தாவை முழுசாக வைத்தால்தான் தொடுவேன் என்கிறார். வெளியூர் ஓனருக்கு போன் போட்டால் "வாடகைக்காரங்ககிட்ட வாங்கிக்கோங்க" என்பார், வாடகைக்காரர் "ஓனர்ட்ட குடுத்துட்டோம்" என்பார். நான் நடுவில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டிருப்பேன். கோபத்தில் உங்களைப் போன்ற பிள்ளைகளிடம் கத்தியும் இருக்கிறேன்.

மாணவர் வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். போன வருடம் எங்கள் கீழ்க் குழாயில் அடைப்பு எடுத்தபோது வந்தவை: முடிக்கட்டு, டீத்தூள், ஒரு முழு எலுமிச்சை, ஒரு ஸ்பூன். ஸ்பூன் எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் தொட்டி வேறு விஷயம். பாக்கி வைத்தது ஒரு வீடு, தண்ணீர் குடிப்பது பன்னிரண்டு வீடு. அதற்கு நோட்டை விரிப்பது எனக்கே ஏற்கவில்லை. உங்கள் ஜிபே கணக்கை அச்செடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். பாக்கியை வசூலிக்க வழி தெரியாமல்தான் அவர் உங்களிடம் பாய்கிறார். நீங்கள் கையில் ஆதாரத்தோடு போனால் அவருக்கும் ஓனரைப் பிடிக்க ஒரு பிடி கிடைக்கும். மார்ச்சிலிருந்து 1,500ஐ நேரே அவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள், மச்சானுக்கு 12,000 மட்டும். இதை ஓனருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சீக்கிரம் செய்யுங்கள். சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் அழகர் மலைக்குத் திரும்பும்வரை மதுரையில் எந்த பிளம்பரும் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

பிளம்பர் மகன்:

அப்பாவிடம் காட்டினேன். தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டுக்குத்தான் தண்ணீர் வேகம் எப்போதும் குறைவு. தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் இல்லையே, தரைத்தளத்தில் பீய்ச்சி அடிக்கும். கீழே எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் மேலே நூல்தான். அதோடு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாய் வாயிலும் ஷவரிலும் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வாயைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் போட்டுப் பாருங்கள், பாதி சரியாகும்.

தொட்டியை முழுக்க வடித்து, தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, அந்தத் தண்ணீரை எல்லா வீட்டுக் குழாய் வழியாகவும் திறந்துவிட வேண்டும். தொட்டியை மட்டும் கழுவினால் குழாய்க்குள் இருப்பது அப்படியே இருக்கும். கழுவுகிற அன்று மூடியும் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த புறா வரும்.

கமுதிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடுவில் இன்டர்னல் தேர்வு.

வினிகர் வேலை செய்தது. வாளி நிறைய இப்போது எட்டு நிமிடம்.

ஏழு மாத ஜிபே கணக்கை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் அசோசியேஷன் கூட்டம். வாடகைக்காரர்கள் வரக்கூடாதாம். போனோம். துணைக்கு அறைத்தோழியின் அம்மா உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுச் செயலாளருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் அன்று எங்களை யாரும் "ஓனர் வழியாகப் பேசுங்கள்" என்று சொல்லவில்லை.

தாள்களைப் பார்த்த செயலாளர் அங்கேயே ஷார்ஜாவுக்கு வீடியோ கால் போட்டார். ஓனருக்கு உண்மையிலேயே தெரியவில்லை போலிருக்கிறது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எங்களுக்கே சங்கடமாக இருந்தது. 10,500ஐ இரண்டு தவணையில் தருவதாகச் சொன்னார், முதல் தவணை வந்துவிட்டதாம். மார்ச் பணத்தை நேரே கட்டி ரசீது வாங்கினோம். ஏழு மாதத்தில் முதல் ரசீது. தோழி அதை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

தொட்டி கழுவிவிட்டார்கள். நாங்களும் ஏறி நின்று பார்த்தோம். மூடி போட்டுக் கம்பி முறுக்கியிருக்கிறார்கள். குழுவில் எங்களைத் திரும்பச் சேர்க்கவில்லை.

கரண்டில் பழைய குடித்தனம் அண்ணன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். தனி மீட்டர்தான் இருக்கிறது. இந்த முறை நாங்களே கட்டினோம், மச்சானுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

மச்சான் இப்போது எங்களிடம் பேசுவதில்லை. "காலி பண்ணும்போது பெயின்டிங் 15,000" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. குடிவந்த அன்று படம் எடுக்கவில்லை, ஆனால் தோழி தன் அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அதில் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியிருப்பது நன்றாகவே தெரிகிறது. வீடியோவையும் அந்த அட்டவணையையும் ஓனருக்கு அனுப்பினோம். நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. மே மாதம் என்ன ஆகிறது என்று எழுதுகிறேன்.

லிஃப்ட் பேச்சைக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை. நேற்று சிலிண்டர் போட வந்த அண்ணன் மூன்று மாடி தூக்கி வந்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, "கீழ ஒட்டியிருக்கே, எப்பம்மா சரி பண்ணுவாங்க?" என்று கேட்டார். வழக்கம்போல ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்து அனுப்பினோம்.